பதினான்காம் கொத்தில் இருபது வீடுகள்

பொய்யைப் பிடிப்பதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. சென்னையில் ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்தில் கள மேற்பார்வையாளராக வேலை பார்த்தேன். சோப்பு, டீத்தூள், பல்பொடி என்று ஏதாவது ஒரு கம்பெனிக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் ஆட்கள் எங்களிடம் உண்டு. அவர்கள் நிரப்பி அனுப்பும் படிவங்களைப் புரட்டி, எது வீட்டு வாசலில் நின்று எழுதியது, எது டீக்கடையில் உட்கார்ந்து எழுதியது என்று சொல்வது என் வேலை. பத்துப் படிவம் பார்த்தால் சொல்லிவிடுவேன். ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்று எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாசியில் என் மேஜைக்கு வந்தவை தனபால் அனுப்பிய இருபது படிவங்கள். தனபால் கண்ணமங்கலத்துக்காரர். ஒரு வருடமாக வடாற்காடு மாவட்டத்தில் எங்களுக்குத் தற்காலிகமாக வேலை பார்த்தவர். ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூரில் துணி சோப்பைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தார். இருபது வீட்டிலும் ஒரே சோப்பு. இருபது வீட்டிலும் வாரம் ஒரு முறை துவைப்பு. 'இந்தச் சோப்பை ஏன் வாங்குகிறீர்கள்?' என்ற கேள்விக்கு இருபது வீட்டிலும் 'தெரியாது'. பதில்களில் பிள்ளைகளின் எண்ணிக்கையும் வீட்டுக்காரரின் வயதும் மட்டும்தான் மாறின. நான் கட்டின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டேன். அந்தக் கோட்டுக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரே அர்த்தம்தான்.

அந்த மாதம் தனபாலுக்கு நிரந்தர வேலைக்கான ஆர்டர் போக வேண்டியது. பொய் என்று முடிவானால் ஆர்டர் போகாது. அதோடு விடாது; அவர் பெயர் ஒரு பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியல் ஊரிலுள்ள எல்லா ஆய்வு நிறுவனங்களுக்கும் போகும். பிறகு இந்தத் தொழிலில் அவருக்கு எந்தக் கதவும் திறக்காது. விஷயம் தெரிந்து தனபால் ஒரு கடிதம் போட்டார். 'யாராவது நேரில் வந்து பாருங்கள்' என்று ஒரே வரி. எங்கள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "போய்ட்டு வந்து முடிச்சு விட்ருங்க" என்றார். எனக்கும் முடித்து விடத்தான் ஆசை.

"மலை ஏறித்தான் கேட்கணுமா? கீழே இருக்கிற ஊரில் கேட்டால் ஆகாதா?" என்று என் தங்கை கேட்டாள். ஆகாது. தமிழ்நாட்டில் உள்ள எல்லா வீட்டுக்கும் போக யாராலும் முடியாது. அதனால் முதலில் சீட்டுப் போடுவதுபோல் சில மாவட்டங்களை எடுப்போம். அந்த மாவட்டங்களுக்குள் சில ஒன்றியங்கள், ஒன்றியத்துக்குள் சில ஊர்கள், ஊருக்குள் இருபது வீடுகள். இப்படிப் பல கட்டமாக இறங்கி வருவோம். கடைசியில் கையில் கிடைக்கும் ஊருக்குக் கொத்து என்று பெயர். ஒரு கொத்தில் இருபது வீட்டையும் ஒரே நடையில் கேட்டுவிடலாம் என்பதுதான் அதன் வசதி. சீட்டில் மலை விழுந்தால் மலைதான். நமக்குப் பிடித்தபடி ஊரை மாற்றிக்கொள்ள ஆரம்பித்தால் கணக்கே நாறிவிடும். சீட்டில் விழுந்த ஊர்ப் பெயரை வெளியே சொல்வதும் கூடாது என்பதால் இங்கேயும் அதைப் பதினான்காம் கொத்து என்றே சொல்கிறேன். சோப்புகளின் பெயரும் வராது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த கம்பெனியின் சோப்பு பச்சை. மலையில் எல்லோரும் வைத்திருந்ததாகத் தனபால் எழுதிய சோப்பு மஞ்சள். இது போதும்.

முதல் நாள் மத்தியானம் கண்ணமங்கலத்தில் இறங்கினேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஓட்டலில் சாப்பாடு. திருவல்லிக்கேணியில் எங்கள் தெரு மெஸ்ஸில் இரண்டாம் தடவை சாம்பார் கேட்டால் பரிமாறுகிறவர் நம் முகத்தைப் பார்ப்பார். இங்கே கேட்காமலே வாளியோடு வந்து நின்றார்கள். கத்தரிக்காய்க் காரக்குழம்பில் காரம் கண்ணில் தெரிந்தது. கை கழுவிவிட்டு வெளியே வந்தால் வெள்ளைச் சட்டையோடு ஒருவர் நின்றார். தனபால்.

"கூட வர்றேன் மேடம். வழி சிக்கலு."

"வேண்டாம்" என்றேன். சரிபார்க்கும்போது முதலில் கேட்டவர் பக்கத்தில் இருக்கக் கூடாது. அது விதி. விதியைச் சொன்னதும் அவர் பின்வாங்கிவிட்டார். எந்த வீட்டில் நாய் கட்டியிருக்கிறது என்பதையாவது சொல்லட்டுமா என்று கேட்டார். அதுவும் வேண்டாம் என்றேன். முகத்தில் கோபம் இல்லை. குற்றவாளிகள் இப்படித்தான் பணிவாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

இரண்டாம் நாள் காலை மலையடிவாரத்தில் இருக்கும் அமிர்திக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். காடு கண்ணில் படும் நேரத்தில் பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. டிரைவர் இறங்கி மூடியைத் துணியால் திருகினார். கண்டக்டர் ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்து என் கூஜாவில் கண்ணை வைத்தார்.

"காய்ச்சின தண்ணிங்க அது" என்றேன்.

"அதுவும் காயத்தான் போவுது, குடும்மா" என்றார்.

வீட்டில் காய்ச்சி, வடிகட்டி, துணி கட்டி எடுத்து வந்த தண்ணீர் ரேடியேட்டருக்குப் போயிற்று. பஸ் அதைக் குடித்தும் நகரவில்லை. அரைமணி நேரம் கழித்துப் பின்னால் வந்த வனத்துறை லாரியில் எங்களில் நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டார்கள். நின்றுகொண்டே போனோம். மவுண்ட் ரோட்டில் பல்லவன் பஸ்ஸில் தொங்கிப் பழகிய எனக்கு இது ஒரு விஷயமே இல்லை. என் படிவப் பைக்கு மட்டும் உட்கார இடம் கேட்டு வாங்கினேன்.

லாரியில் என் பக்கத்தில் நின்ற பெண்ணின் பெயர் பூங்காவனம். நாற்பது வயது இருக்கும். காலடியில் உப்பு மூட்டை, மிளகாய், கருவாட்டுப் பொட்டலம், எண்ணெய் டின், இன்னும் ஒரு கோணிப்பை. நான் போகிற ஊர்தான் அவருக்கும். அவ்வளவு சாமானைப் பார்த்து, "கடை வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"கடையா? எங்கூர்ல ஏதும்மா கடை? இதெல்லாம் ஊருக்கு" என்றார்.

பெருமைக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். கேள்வி கேட்பது தொழிலாக இருந்தும் படிவத்தில் இல்லாத கேள்விக்கு வரும் பதிலைக் காதில் வாங்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. லாரி நின்ற இடத்திலிருந்து நடை. இரண்டு ஆண்கள் வந்து மூட்டைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனார்கள். நானும் பூங்காவனமும் பின்னால். ஏற்றத்தில் எனக்கு மூச்சு முட்டியது. அவர் எண்ணெய் டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு என்னிடம் பேசிக்கொண்டே நடந்தார்.

"நீ இன்னா ஆபீசரும்மா? பாரஸ்ட்டா, பேங்கா?"

"சோப்பு பத்திக் கேக்க வந்திருக்கேன்."

நின்று திரும்பிப் பார்த்தார். "சோப்பு பத்திக் கேக்க மெட்ராஸ்லேர்ந்தா வந்துகினு கீற?" இதைக் கேட்டு முன்னால் போன ஆண்களும் சிரித்தார்கள். கலெக்டரே வந்தாலும் 'நீ' என்றுதான் பேசுவார்கள் என்பது சீக்கிரமே புரிந்தது. அந்த 'நீ'யில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அன்று பூங்காவனத்தின் வீட்டில்தான் சாப்பிட்டேன். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். எங்கள் வீட்டில் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கியே நேரம் போகும். இங்கே சாமையில் ஒரு கல்கூட இல்லை. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். மேற்பார்வையாளர் பதிலளிக்கும் வீட்டில் சாப்பிடக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது. மலை ஏறினவளுக்கு அந்த விதி பொருந்தாது என்று அந்த இடத்திலேயே ஒரு திருத்தம் செய்துகொண்டேன்.

மூன்றாம் நாள் காலை வேலையைத் தொடங்கினேன். முதலில் கண்ணில் பட்டவை சாக்பீஸ் எண்கள். ஒவ்வொரு வீட்டின் கதவு நிலையிலும் தனபால் எண் எழுதி வைத்திருந்தார். மொத்தம் இருபத்தாறு வீடு. அதில் எங்கள் முறைப்படி எடுத்த இருபதுக்கு வட்டம் போட்டிருந்தார். எங்கள் கையேட்டில், கோயிலிலிருந்து புறப்பட்டு வலது கைப் பக்கமாகவே போக வேண்டும் என்று இருக்கும். சென்னையில் அது சுலபம். இங்கே தெரு என்றே ஒன்று இல்லை. வீடுகள் மேடும் பள்ளமுமாக, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன. வலது கையை நம்பி நடந்த நான் ஒரு மாட்டுப் பட்டிக்குள் போய் நின்றேன். பட்டியின் கட்டையிலும் தனபால் சாக்பீஸால் 'வீடு அல்ல' என்று எழுதியிருந்தார். ஆக, மனிதர் ஊருக்கு வந்திருக்கிறார். வந்துவிட்டு, ஒரு வீட்டில் கேட்டு மற்றதை மரத்தடியில் எழுதியிருப்பார் என்று முடிவு கட்டினேன்.

புளி உலுக்கும் காலம். ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் புளியை மரச்சுத்தியால் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்பவரைத் தனியாகக் கேட்க வேண்டும் என்பது இன்னொரு விதி. இங்கே ஒருத்தியைக் கேட்டால் மூன்று பேர் பதில் சொன்னார்கள். அதனால் ஒவ்வொருவரையும் வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். ஊரே வேடிக்கை பார்த்தது.

முதல் வீட்டுப் பெண் உள்ளே போய்த் தீப்பெட்டி அளவு மஞ்சள் சோப்புத் துண்டைக் கொண்டு வந்து காட்டினார். உறை எங்கே என்றேன். இல்லை என்றார்.

"இந்தச் சோப்பை ஏன் வாங்குறீங்க?"

"நான் வாங்கலியே."

"உங்க வீட்டுக்காரர் வாங்கினாரா?"

"அவரும் வாங்கல."

அச்சடித்த காரணங்களைப் படித்துக் காட்டினேன். நுரை நன்றாக வருகிறதா? வாசனையா? ரேடியோவில் கேட்டீர்களா? கடைக்காரர் சொன்னாரா? எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். கடைசியில் இருந்தது 'தெரியாது'. அதற்கு வட்டம் போட்டேன். இரண்டாவது வீட்டிலும் வட்டம் போட்டேன். மூன்றாவதிலும். ஏழாவது வீட்டில் பேனா காகிதத்தில் படும்போதுதான் உறைத்தது. என் கையெழுத்தில் தனபாலின் படிவத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குக் கோபம் வந்தது. தனபால் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று தோன்றியது. புளி தட்டும் இடத்துக்கே போய் எல்லோரிடமும் சத்தமாகக் கேட்டேன். "எல்லாரும் ஒரே மாதிரி சொல்றீங்களே! யாராவது சொல்லிக் குடுத்தாங்களா? பேசி வெச்சிக்கிட்டீங்களா?"

சுத்திகள் நின்றன. ஒரு பெண் கொஞ்சமும் கூசாமல், "ஆமாம்மா. பேசித்தான் வெச்சினு கீறோம்" என்றாள்.

"யாரு? தனபாலோடவா?"

"அது யாரு, சாக்பீசுக்காரரா? அவரு இன்னா பண்ணாரு பாவம்? இது ஊர்ப் பேச்சு. பூங்காவனத்தக் கேளு, இந்த வாரம் அவ மொற."

பூங்காவனத்தின் வாசலுக்குப் போனேன். நேற்று லாரியில் வந்த கோணிப்பை பிரித்துக் கிடந்தது. உள்ளே இருந்தவை முழ நீள மஞ்சள் சோப்புக் கட்டிகள். ஒரு பலகைமேல் கட்டியை வைத்து, அதன்மேல் நூலைச் சுற்றி இரண்டு முனையையும் பிடித்து இழுத்தார். துண்டு அலுங்காமல் கழன்று விழுந்தது. குச்சி ஒன்றை அளவாக வைத்து அடுத்த துண்டுக்கு நூலை நகர்த்தினார். இருபத்தாறு வீட்டுக்கு இருபத்தாறு துண்டு. பக்கத்திலேயே உப்பும் மிளகாயும் இருபத்தாறு குவியலாக இருந்தன.

"வாரம் ஒரு வூடு மொறம்மா" என்றார் பூங்காவனம். "மொறைக்காரங்க எறங்கிப் போய் எல்லா வூட்டுக்கும் வாங்கியாரணும். இருவத்தாறு வூடும் எறங்கிப் போனா புளிய யாரு தட்றது, மாட்ட யாரு பாக்கறது?"

"எந்தச் சோப்புன்னு யார் முடிவு பண்றது?"

"ஊர்ல பேசினதுதான். மின்ன பச்ச சோப்பு வாங்கினோம். நல்ல சோப்புதான். ஆனா நூலப் போட்டா உதுருது. ஒருத்திக்குக் கட்டி, ஒருத்திக்குத் தூளு. எனக்கு மட்டும் இன்னா தூளுன்னு சண்ட. இது பாரு, எப்டி அறுவுது. அப்பறம் இன்னா, எல்லாரும் இத்தயே வாங்கலாம்னு பேசிட்டோம்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொத்து முறையில் ஒரு ஆபத்து உண்டு என்று நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஒரே ஊரில் இருப்பவர்கள் ஒருவரைப் போல் ஒருவர் இருப்பார்கள். அதனால் இருபது பேரைக் கேட்டாலும் இருபது பேர் சொன்னதாகாது. நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் அது தனபாலின் கையெழுத்தில் என் மேஜைக்கு வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. பொய் என்று கோடு போட்டேன். வெட்கமாக இருந்தது.

இருந்தாலும் வேலையைப் பாதியில் விடவில்லை. மீதி வீடுகளையும் விதிப்படி கேட்டேன். கடைசியாகப் பூங்காவனத்தின் வீடு. நூலில் அறுபடுவது அச்சடித்த காரணங்களில் இல்லை என்பதால் அங்கேயும் 'தெரியாது'வுக்குத்தான் வட்டம் போட்டேன். ஆனால் அங்கே மட்டும் சோப்பு உறை இருந்தது. முறைக்காரர் வீட்டில்தானே கட்டியைப் பிரிப்பார்கள். 'உறை பார்க்கப்பட்டது' என்று எழுதிவிட்டுத் தனபாலின் பழைய படிவங்களைப் புரட்டினேன். அவருடைய இருபதிலும் ஒன்றில் மட்டும் 'உறை பார்க்கப்பட்டது' என்று இருந்தது. பதினோராவது வீடு. கை தவறி எழுதியிருப்பார் என்று சென்னையில் நான் அதைச் சட்டை செய்யவில்லை. அவர் வந்த வாரம் யார் முறை என்று பூங்காவனத்திடம் கேட்டேன். விரலை நீட்டிக் காட்டினார். கதவு நிலையில் சாக்பீஸில் பதினொன்று. மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிற எவனுக்கும் இந்தப் பொய் தோன்றாது.

நான்காம் நாள் கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு இறங்கினேன். பூங்காவனம் பாதி வழி வந்தார். "பச்ச சோப்புக்காரங்க கிட்ட சொல்லும்மா, உதுராம பண்ணச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினார். அமிர்தியில் இந்த முறை பஸ் ஒழுங்காகப் புறப்பட்டது. என் கூஜாவில் மலைத் தண்ணீர், காய்ச்சாதது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

கண்ணமங்கலத்தில் இறங்கியதும் நேராகத் தபால் ஆபீசுக்குப் போய் மேலாளருக்கு டிரங்க் கால் போட்டேன். தனபால் எப்படியோ தெரிந்துகொண்டு வந்து வெளியே நின்றார். உள்ளே வரவில்லை. லைன் கிடைத்தது.

"என்ன, முடிஞ்சுதா?" என்றார் மேலாளர்.

"முடிஞ்சுது சார். இருபது வீட்டையும் நானே கேட்டேன். இருபதும் ஒரே பதில்."

"ஒரே பதிலா? அதெப்படி?"

"தனபால் எழுதினது அத்தனையும் நிஜம். அவர் பேர் பட்டியல்ல ஏறணும்னா என் பேரையும் சேர்த்து ஏத்துங்க சார். என் படிவமும் அதே மாதிரிதான் இருக்கு."

முறையைச் சொன்னேன், நூலைச் சொன்னேன், பச்சை சோப்பு உதிர்வதைச் சொன்னேன். பச்சை சோப்பு மலையில் ஏன் விற்கவில்லை என்று தெரியாமல் கம்பெனி தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரம் அது. மேலாளர் எல்லாவற்றையும் திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு, "அந்த ஆர்டர்ல இன்னைக்கே கையெழுத்துப் போடறேன். தனபால்கிட்ட சொல்லிடுங்க" என்றார்.

வெளியே வந்து சொன்னேன். தனபால் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நன்றி மேடம் என்றார்.

"தப்பு என்னுது தனபால். மன்னிச்சிடுங்க. ஆனா ஊர் மொத்தமும் ஒருத்தர் மூலமா வாங்குதுன்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே?"

"நீங்கதான மேடம் ட்ரெய்னிங்ல சொன்னீங்க? அவங்க சொல்ற பதிலுக்கு வட்டம் மட்டும் போடு, ஒன் வெளக்கத்த எழுதாதன்னு. எழுதினா படிவம் செல்லாதுன்னீங்க."

சொன்னேன். ஒவ்வொரு பயிற்சியிலும் மேஜையைத் தட்டிச் சொல்வேன்.

டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேரும் நின்றபடியே குடித்தோம். தனபால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஏதோ கேட்க வந்து தயங்கினார். சொல்லுங்க என்றேன்.

"நான் லெட்டர் போட்டேன், நீங்க மலை ஏறி வந்தீங்க மேடம். போன வருஷம் ஏகாம்பரத்துக்கு யாருன்னா போய்ப் பாத்தீங்களா?"

ஏகாம்பரம் போளூர்ப் பக்கத்து ஆள். அவருடைய படிவங்களும் ஒரே மாதிரி இருந்தன. அவர் கடிதம் போடவில்லை. நான் மேஜையில் உட்கார்ந்தபடியே கோடு போட்டு, பட்டியலில் பெயரை ஏற்றினேன். அவர் கேட்டது எந்த ஊர் என்றுகூட இப்போது எனக்கு நினைவில்லை.

"யாரும் போகல" என்றேன்.

சென்னைக்குப் போக நான் ஏற வேண்டிய வேலூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்து ஏறச் சொல்லிக் கை காட்டினார். நான் பையைக் கீழே வைத்துவிட்டுத் தனபாலிடம் ஏகாம்பரத்தின் வீடு எங்கே என்று கேட்டேன்.